குழப்படிப் பிள்ளைக்கு ஏற்ற பள்ளிக்கூடம் எது?

விஜயதசமி நாளிலே அரிசியில் விரல் வைத்து ஏடு தொடக்கிய பிள்ளையை எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது என்னும் கேள்வி யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் ஆண்டுதோறும் எழுவது. கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் சங்கக்கடை வாசலிலும் இதே பேச்சுத்தான். பெயர்பெற்ற பாடசாலை எது, அதில் இடம் கிடைக்குமா என்ற அளவிலே பெரும்பாலான பெற்றோரின் கவலை முடிந்துவிடுகின்றது. ஒருசிலருக்கோ அக்கேள்வி இரவு உறக்கத்தையே கெடுத்துவிடுகின்றது. தம் பிள்ளையை எந்தப் பாடசாலைதான் வைத்துக்கொள்ளும் என்பதே அவர்தம் கவலை.

சென்ற ஆண்டு வலிகாமத்துத் தாயொருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். பிள்ளைக்கு அப்பொழுது ஐந்து வயது நிறையும் தறுவாய்.

“முன்பள்ளியிலே இரண்டு தரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், ஐயா. இவனை வைத்துச் சமாளிக்க ஏலாதாம். என்னுடைய வளர்ப்புப் பிழை என்கிறார் மாமி. தகப்பன் அடித்துப் பார்த்தார். இப்போது ஒன்றும் பேசுகிறாரில்லை. அயலிலுள்ளவர்கள் விசேட பள்ளிக்கூடத்திலே கொண்டுபோய் விடச் சொல்லுகிறார்கள். நான் எதைச் செய்ய?” என்று கேட்டுக் கண்கலங்கினார்.

அவர் பேசிக்கொண்டிருந்த கால்மணி நேரத்துள் அச்சிறுவன் கதிரையில் ஏறினான், இறங்கினான், கிணற்றடிக்கு ஓடித் தாயின் குரல் கேட்டுத் திரும்பினான், எமது மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிப் பார்த்தான். இத்தனைக்குமிடையே, முற்றத்து மாமரத்தில் அணில் கூடு கட்டியிருப்பதையும் எமக்குக் காட்டினான். அம்மரத்தின் கீழே நாள்தோறும் நடந்துபோகும் நாம் அக்கூட்டை அதுவரை கண்டதில்லை!

அத்தாய் கேட்ட கேள்விக்கு அன்று நாம் கூறிய விடையையே, அவரைப் போன்ற பிற பெற்றோருக்கும் பயன்படும் என்றெண்ணி, இவ்வாரம் விரித்து எழுதுகின்றோம்.

குழப்படியா? குறைபாடா?

ஓடுவதும் ஆடுவதும் குழந்தையின் இயல்பு. ஐந்து வயதுப் பிள்ளை அசையாமல் இருந்தாற்றான் பெற்றோர் கவலை கொள்ளவேண்டும். ஆயினும் சில பிள்ளைகளின் துடியாட்டம் வயதுக்கு மிஞ்சியதாக இருக்கின்றது. கவனம் ஒன்றிலும் நிலைப்பதில்லை. தங்கள் முறை வரும்வரை காத்திருக்க அவர்களால் முடிவதில்லை. எண்ணியதைக் கை உடனே செய்துவிடுகின்றது. இந்நிலையை மருத்துவர்கள் கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு என்பர். ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப் பெயரையும் இன்று பலர் கேள்வியுற்றிருப்பர்.

இது நேற்று முளைத்த நோயன்று. 1902ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவிற் குறையில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி லண்டன் மாநகரிலே விரிவுரை நிகழ்த்தியிருக்கின்றார். பெயர்தான் காலத்துக்குக் காலம் மாறி வந்தது. இப்போது வழங்கும் பெயர் 1987ஆம் ஆண்டிலே ஏற்பட்டது. உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கின், பள்ளி வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்கு இக்குறைபாடு உண்டெனத் தெரிகின்றது. அவ்வாறாயின், நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் இருவர் இத்தகையோராக இருக்கலாம்.

இது தாயின் வளர்ப்புப் பிழையால் வருவதன்று. பெரும்பாலும் பரம்பரை வழியாக வருவது. பிள்ளையைக் குறைகூறும் பாட்டனார் தமது இளமைக் காலத்தை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராயின், உண்மை விளங்கினாலும் விளங்கும். இனிப்புத் தின்பதால் இது உண்டாகின்றது என்ற நம்பிக்கையும் ஆய்வுகளில் நிலைநிற்கவில்லை. 2007ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட மூளைப் படங்களின் ஆய்வு ஒன்று இங்கே கருதத்தக்கது. மூளையின் மேற்பட்டை உச்சத் தடிப்பை அடைவது ஏனைய பிள்ளைகளிடம் ஏறக்குறைய ஏழரை வயதில் நிகழ, இப்பிள்ளைகளிடம் பத்தரை வயதளவில் நிகழ்ந்ததாம். இருசாராரின் வளர்ச்சியும் ஒரே வழியிலே செல்கின்றது. இவர்கள் பிந்தி வருகின்றனர். பிந்தி வரும் பேருந்துக்கு அடித்துப் பயன் என்ன?

பெயர் சூட்டுமுன் செய்யவேண்டியவை

எனினும் ஒவ்வொரு குழப்படிக்கும் இப்பெயரைச் சூட்டிவிடலாகாது. அறிகுறிகள் ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்திருத்தல் வேண்டும். வீட்டிலும் பள்ளியிலுமாக இரண்டு இடங்களிலேனும் அவை காணப்படல் வேண்டும். பிள்ளையின் கற்றலையோ பிறருடன் பழகுதலையோ அவை கெடுத்தலும் வேண்டும். பள்ளியிலே அடங்கியிருந்து வீட்டில் மாத்திரம் துள்ளும் பிள்ளைக்கு இப்பெயர் பொருந்தாது. காது மந்தம், கண்பார்வைக் குறை, உறக்கக் கேடு, சில கணநேரம் வெறித்துப் பார்க்கும் ஒருவகை வலிப்பு ஆகியவையும் இதுபோலவே தோற்றமளிக்கும். ஆதலின் முதலில் இவற்றைச் சோதித்துக்கொள்ளல் நன்று.

எமது மண்ணுக்குரிய காரணம் ஒன்றும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக வெளியேறிய சனத்திரளில் தாயின் கைபிடித்து நடந்த குழந்தைகளே இன்று பெற்றோராகியிருக்கின்றனர். போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபோதிலும், வீட்டுக்குள்ளே பேசப்படாத துயரம் பல குடும்பங்களில் இன்னும் குடியிருக்கின்றது. பெரியவர்களின் பதற்றம் குழந்தைக்கும் தொற்றும். தந்தை வெளிநாட்டிலும் தாய் தனிமையிலும் வாழும் வீட்டிலே பிள்ளையின் அமைதியின்மைக்கு வேறு காரணம் இருத்தல் கூடும். இவற்றையெல்லாம் பிரித்தறிவது வைத்தியரின் கடமை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. உளமருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சுவோர், முதலில் தம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரியிடமோ பேசலாம். அவர்கள் வழிகாட்டுவர்.

வயதையும் கருதல் வேண்டும். எமது நாட்டில் சனவரி 31ஆம் திகதிக்கு முன் ஐந்து வயது நிறைந்த பிள்ளை அவ்வாண்டு முதலாந் தரத்திற் சேரலாம். இதனால் ஒரே வாங்கில் இருக்கும் இரு பிள்ளைகளிடையே ஏறக்குறைய ஒரு வருட இடைவெளி இருத்தல் கூடும். ஐந்து வயதிலே ஒரு வருடம் என்பது வாழ்நாளில் ஐந்திலொரு பங்கு! கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்து 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வகுப்பிலே மிக இளையவரான ஆண்பிள்ளைகளுக்கு, மூத்தவர்களைவிட முப்பது விழுக்காடு கூடுதலாக இக்குறைபாட்டின் பெயர் சூட்டப்பட்டதைக் காட்டிற்று. தை மாதத்திற் பிறந்த பிள்ளையைப் பங்குனியிற் பிறந்தவனோடு ஒப்பிட்டுக் குறைகாணுமுன் பெற்றோரும் ஆசிரியரும் இதனை நினைத்தல் வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். ஓடாமல், ஆடாமல், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கனவுலகில் இருக்கும் சிறுமிக்கும் இக்குறைபாடு இருக்கலாம். அவள் பிறருக்குத் தொல்லை தராமையால், அவள்மீது எவர் கண்ணும் விழுவதில்லை. ‘மந்தமான பிள்ளை’ என்ற பெயரோடு அவள் வளர்ந்துவிடுகின்றாள்.

எந்தப் பாடசாலை?

இனித் தாயின் கேள்விக்கு வருவோம். குடாநாட்டிலே பெற்றோர்முன் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, பட்டணத்துப் பெயர்பெற்ற பாடசாலை. விளையாட்டுத் திடல், பாண்ட் வாத்தியம், சாரணர் படை என அங்கே பல வசதிகள் உண்டு. துடியாட்டமுள்ள பிள்ளைக்கு அவை பின்னாளில் மிகவும் உதவும். ஆயினும் முதலாந் தரத்திலே முப்பத்தைந்து, நாற்பது பிள்ளைகள் இருப்பின், எவ்வளவு நல்ல ஆசிரியையும் ஒரு பிள்ளையின் முகத்தை எத்தனை முறை பார்க்க முடியும்? போதாததற்கு, ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் அங்கே முதலாந் தரத்திலேயே விழுந்துவிடுகின்றது.

இரண்டாவது, ஊரிலுள்ள சிறிய பாடசாலை. வட மாகாணத்திலே ஐம்பது மாணவர்க்கும் குறைந்த பாடசாலைகள் பல உள்ளன. இடப்பெயர்வும் புலம்பெயர்வும் பட்டணத்து மோகமும் அவற்றை வெறுமையாக்கிவிட்டன. ‘அங்கே யார் பிள்ளையை விடுவார்?’ என்று நாம் ஏளனமாகக் கூறும் அப்பாடசாலையின் முதலாந் தரத்திலே பத்துப் பிள்ளைகள் இருக்கலாம். எமது குழப்படிப் பிள்ளைக்கு அது பெரும் பேறாகும். குறையும் உண்டு: ஆசிரியர் பற்றாக்குறையால் ஒருவரே இரண்டு வகுப்புகளைப் பார்க்க நேரிடலாம், இடமாற்றமும் வரலாம். ஆகவே சிறியதென்பதற்காக மாத்திரம் சேர்த்துவிடாமல், நேரிற் சென்று பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, மொண்டசோரி முறை. மரியா மொண்டசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944ஆம் ஆண்டில் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். அதனாலன்றோ முன்பள்ளி என்றாலே மொண்டசோரி என்னும் வழக்கு எம்மிடையே இன்றும் நிலவுகின்றது! கையாற் செய்து கற்றலும், எழுந்து நடமாடும் சுதந்திரமும் அம்முறையின் சிறப்புகள். எனினும், தானே வேலையைத் தெரிந்துகொள்ளும் அச்சுதந்திரத்தில், கவனம் நிலைக்காத பிள்ளை ஒன்றை எடுத்து வைத்து மற்றொன்றை எடுத்தே பொழுதைக் கழித்துவிடவும் கூடும். அருகிருந்து வழிப்படுத்தும் ஆசிரியை வாய்த்தாலே அது பயன் தரும். பெயர்ப்பலகையில் மொண்டசோரி என்றிருப்பது மாத்திரம் போதாது.

நான்காவது, கட்டணம் பெறும் ஆங்கில மொழிவழிப் பாடசாலை. வகுப்பில் தொகை குறைவாயிருக்கலாம். ஆயின், ஆசிரியர் சொல்வதைக் கேட்டு மனத்திலிருத்தவே திண்டாடும் பிள்ளைக்கு, வீட்டிலே பேசாத மொழி இன்னொரு சுமையாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, அயலவர் சொன்ன விசேட பாடசாலை. கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கும், கோண்டாவில் சிவபூமி பாடசாலை அறிவு வளர்ச்சியிற் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் ஆற்றிவரும் தொண்டு போற்றுதற்குரியது. அத்தகைய தேவை உடன் இருக்குமாயின் அங்கே செல்வதில் இழுக்கேதுமில்லை. ஆனால் துடியாட்டம் ஒன்றையே உடைய, அறிவு நிறைந்த பிள்ளைக்கு உரிய இடம் அதுவன்று. சாதாரண பாடசாலையிலே, ஏனைய பிள்ளைகளுடன் சேர்ந்தே அவன் கற்றல் வேண்டும். 1994ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுச் சலமன்கா நகரில் உலக நாடுகள் கூடி வலியுறுத்திய உட்படுத்தல் கல்வியின் கருத்தும் இதுவே. சில சாதாரண பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகளும் இயங்குகின்றன. இவை பற்றிய விபரத்தை யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து வலயக் கல்விப் பணிமனைகளிலும் கேட்டறியலாம்.

இவற்றுள் எது சிறந்தது என்றால், பாடசாலையின் பெயரை மறந்து வகுப்பறையைப் பாருங்கள் என்பதே எமது விடை. இத்தகைய பிள்ளை சேர்வது ஒரு கல்லூரியிலன்று; ஓர் ஆசிரியையின் கையில்.

வகுப்பறையிற் பார்க்க வேண்டியவை

சேர்க்குமுன் அதிபரின் அனுமதி பெற்று ஒருமுறை சென்று பாருங்கள். வகுப்பிலே எத்தனை பிள்ளைகள்? ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் இருக்கச் சொல்கிறார்கள்? பிள்ளை இடையில் எழுந்தால் ஆசிரியை என்ன செய்கிறார்? மேசையிலே பிரம்பு கிடக்கின்றதா? முற்றத்தில் ஓடுவதற்கு நிழலுண்டா? ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு ஒரு வரி எழுதியனுப்ப ஆசிரியை இசைவாரா? இவ்வாறு கேள்விக்கு மேற் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகாது. பணிவோடு கேட்டால் நல்லாசிரியர் மகிழ்வர்.

பிரம்பைப் பற்றிப் பேசுங்கால், ‘அடியாத மாடு படியாது’ என்பவர் எம்மிடையே இன்னும் உளர். பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்துவிட்டது. அதனை விடுத்து நோக்கினும், அடியினால் இப்பிள்ளைகள் திருந்துவதில்லை. செய்யக்கூடாதென்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கணத்திலே நிறுத்திக்கொள்ளத்தான் தெரியவில்லை. அடி பொய்யையும் அச்சத்தையும் கற்பிக்குமேயன்றி, நிறுத்தக் கற்பிக்காது.

பின் எது கற்பிக்கும்? கதவுக்கும் யன்னலுக்கும் தொலைவாய், ஆசிரியைக்கு அருகாய் ஓர் இடம். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. பத்து வரி எழுதச் சொல்லாமல் இரண்டு வரி. பின் எழுந்து வெண்கட்டி எடுத்துவரும் ஒரு வேலை. மறுபடியும் இரண்டு வரி. சரியாகச் செய்த அக்கணமே ஒரு பாராட்டு. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுமுன் ஓர் எச்சரிக்கை. இவற்றுக்குப் பணச்செலவில்லை.

கெட்டிக்காரப் பிள்ளையொன்றைப் பக்கத்தில் இருத்திச் சோடியாகக் கற்பிப்பதும் நல்ல பயன் தருமென ஆய்வுகள் கூறுகின்றன. இது எமக்குப் புதிதோ? திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதானே இது! சென்னை எழும்பூரிலே அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய அன்ட்ரூ பெல் என்பார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்து, 1797ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதனைச் சென்னை முறை என்றே அழைத்தனர். திண்ணைப் பள்ளியின் கொடிய தண்டனைகளை நாம் விட்டொழித்தது சரியே. விரலால் மணலில் எழுதிய இன்பத்தையும் சேர்த்து விட்டதுதான் பிழை.

1999ஆம் ஆண்டு நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் முதலிரு தரங்களிலே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்து, எழுத்துவேலையைக் குறைக்கவே கூறியது. நடைமுறையில் அது நிகழாமைக்கு ஆசிரியரை மாத்திரம் குறைகூறல் நீதியன்று. கொப்பி நிறைய எழுத்தில்லையென்றால் ‘அங்கே ஒன்றும் படிப்பிக்கிறார்களில்லை’ என்று சொல்பவர்கள் பெற்றோராகிய நாம் அல்லவா?

வீட்டின் பங்கு

பாடசாலை பாதி, வீடு பாதி. மூன்று சிறிய குறிக்கோள்களை ஓர் அட்டையில் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள்: முறை வரும்வரை காத்திருந்தான், தொடங்கிய வேலையை முடித்தான், பிறர்மீது கை வைக்கவில்லை. நாள்தோறும் ஆசிரியை அதில் அடையாளமிட்டு அனுப்பட்டும். இரண்டுக்கு அடையாளம் இருந்தால் அன்று மாலையே ஒரு சிறு பரிசு: அப்பாவோடு துவிச்சக்கர வண்டியில் ஒரு சுற்று, அல்லது அம்மம்மாவிடம் ஒரு கதை. ஆண்டிறுதியில் வாங்கித்தரப்போகும் பெரிய பரிசு இப்பிள்ளைக்கு நாளைய நிலவு போன்றது. இன்றைய பரிசே அவனுக்கு விளங்கும்.

உறங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். கைத்தொலைபேசியைக் கொடுத்து அமர்த்தும் பழக்கம் உறக்கத்தையும் முற்றத்து விளையாட்டையும் சேர்த்தே பறிக்கின்றது. பாடசாலை விட்டு வந்த பிள்ளையை உடனே ரியூசனுக்கு அனுப்பாதீர்கள். நாள் முழுவதும் தன்னை அடக்க முயன்று களைத்து வந்த பிள்ளை அவன்.

மருந்தைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதலில் செய்யவேண்டியது பெற்றோருக்கான பயிற்சியே என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் அறிவுறுத்தியுள்ளது. வளர்ந்தபின் தேவை ஏற்படின், மெதைல்பெனிடேற்று என்னும் மருந்து 1950களிலிருந்து உலகிலே பயன்பட்டு வருகின்றது. அதனைத் தொடங்குவதும் நிறுத்துவதும் வைத்தியரின் முடிவாக இருத்தல் வேண்டும். அயலவரின் முடிவாக அன்று.

அத்தாய் என்ன செய்தார் என்று வாசகர் கேட்பர். மூன்று பாடசாலைகளுக்குச் சென்று பார்த்தார். மாமியின் விருப்பத்துக்கு மாறாக, தம் ஊரிலேயே உள்ள சிறிய பாடசாலையைத் தெரிந்துகொண்டார். முதலாந் தரத்திலே பதினொரு பிள்ளைகள். சென்ற தவணை முடிவில் வந்து சொன்னார்: பிள்ளை இன்னும் ஓடுகின்றான், எழுத்து இன்னும் கோணல்தான், இரண்டு நாள் அழுதுகொண்டும் வந்தான். ஆனால் காலையிலே பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொல்வதில்லையாம். கொப்பிகளைப் பங்கிடும் வேலையை ஆசிரியை அவனிடம் கொடுத்திருக்கின்றாராம். தகப்பனார் மாலையிலே அட்டையை வாங்கிப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றாராம்.

இது பெரிய வெற்றியோ என்று சிலர் எண்ணலாம். எழுத்தையும் எண்ணையும் எட்டு வயதிலும் கற்கலாம், ஒன்பதிலும் கற்கலாம். ‘நான் கூடாத பிள்ளை’ என்று ஆறு வயதிலே ஒருமுறை கற்றுவிட்டால் அதை மறக்கச் செய்வதுதான் அரிது. அப்பாடத்தை எமது பிள்ளைகளுக்குக் கற்பிக்காத பாடசாலை எதுவோ, அதுவே அவர்களுக்கு ஏற்ற பாடசாலை. நாம் காணாத அணிற்கூட்டைக் கண்ட அக்கண்கள், தக்க ஆசிரியர் வாய்ப்பின், நூலிலும் எதையேனும் காணாமலா போகும்? பெற்றோர்கள் சிந்திப்பார்களாக!